திம் தாங்: ஹாங்காங் கிராமங்களில் பிள்ளை பிறந்ததற்கு விளக்கு ஏற்றும் விழா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திம் தாங் என்பது என்ன விழா?

தெற்குச் சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலும், அதை ஒட்டியிருக்கும் ஹாங்காங்கின் நியூ டெரிடரிஸ் கிராமங்களிலும் நடக்கும் புத்தாண்டு மாத விழா. போன வருட விழாவுக்குப் பிறகு குலத்தில் பிறந்த ஆண் குழந்தைகளுக்காக, முன்னோர் மண்டபத்தில் காகித விளக்கு கட்டி ஏற்றுவார்கள். ‘திம்’ என்றால் ஏற்றுதல், ‘தாங்’ என்றால் விளக்கு.

பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு எடுக்கும் விழா என்று மட்டும் எண்ணிக்கொண்டால் பாதிதான் புரியும். குழந்தை அன்றுதான் ஊர்க் கணக்கில் ஓர் ஆளாகச் சேர்கிறது. நம் ஊரில் தலைக்கட்டு வரி நோட்டில் பெயர் இருப்பவர்தான் கோயில் திருவிழாவில் பங்கு கேட்க முடியும் என்பது போல, அங்கே விளக்கு ஏறியவன்தான் குலத்தான். விளக்கின் அளவு முதல் விருந்தில் கறி பங்கிடுவது வரை எல்லாவற்றிலும் இவ்வளவு கறார் ஏன் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

யார் யார் கொண்டாடுகிறார்கள்?

நியூ டெரிடரிஸின் ஐந்து பெருங்குலங்கள் டாங், ஹவ், பாங், லியு, மான். டாங் குலத்தார் கம் டின், பிங் ஷான், ஹா சுன், லுங் யுக் தவ் முதலிய ஊர்களில் இருக்கிறார்கள். ஃபேன்லிங் வாய் பாங் குலத்தாரின் ஊர். ஷுங் ஷுய் லியு குலத்தாருடையது. சான் டின் மான் குலத்தாருடையது. ஹோ ஷுங் ஹுங் ஹவ் குலத்தாருடையது. இவர்கள் தவிர, ஹக்கா மொழி பேசும் சின்னச் சின்ன மலையோரக் கிராமங்களிலும் இந்த வழக்கம் உண்டு. ஒரே குலத்தார் வாழும் ஊரில் விளக்கு முன்னோர் மண்டபத்தில் தொங்கும். பல குலத்தார் கலந்து வாழும் ஊரில் பொதுக் கோயிலிலோ ஊர்க்காவல் தெய்வத்தின் மேடையிலோ தொங்கும்.

ஏன் விளக்கு? வேறு ஏதாவது ஏற்றக்கூடாதா?

அந்தப் பகுதியின் சீன மொழியான கான்டனீஸில் விளக்கு ‘தாங்’, குலத்தைத் தொடரும் ஆண்மகன் ‘திங்’. இரண்டும் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பதால், விளக்கு கூடினால் ஆள் கூடும் என்பது நம்பிக்கை. இதைவிட ஆழமான காரணம் தேட வேண்டியதில்லை.

எந்தத் தேதியில் நடக்கும்?

சீனச் சந்திர நாட்காட்டியின் முதல் மாதத்தில். ஏற்றும் நாள் ஊருக்கு ஊர் மாறும். புத்தாண்டின் முதல் வாரத்திலேயே ஏற்றிவிடுகிற ஊர்களும் உண்டு, பத்தாம் நாளுக்கு மேல் ஏற்றுகிற ஊர்களும் உண்டு. இறக்கும் நாள் பெரும்பாலும் 15ஆம் நாளையோ அதற்கடுத்த நாளையோ ஒட்டி வரும்.

15ஆம் நாள் பௌர்ணமி, அல்லது ஒரு நாள் முன்பின். நம் நாட்காட்டியில் பார்த்தால் அது தைப்பூசப் பௌர்ணமியாக இருக்கும், இல்லையென்றால் மாசி மகப் பௌர்ணமியாக இருக்கும். 2026இல் புத்தாண்டு பிப்ரவரி 17, 15ஆம் நாள் மார்ச் 3. 2027இல் புத்தாண்டு பிப்ரவரி 6, 15ஆம் நாள் பிப்ரவரி 20. 2028இல் ஜனவரி 26, பிப்ரவரி 9.

பயணம் திட்டமிடுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. 15ஆம் நாள் நகரப் பூங்காக்களில் நடக்கும் விளக்குத் திருவிழா எல்லோருக்கும் பொதுவானது. திம் தாங் குலத்தாரின் சொந்த விழா. நகர விழாவை மனதில் வைத்துக்கொண்டு 15ஆம் நாள் கிராமத்துக்குப் போனால், விளக்கு ஏற்றும் சடங்கு முடிந்து பல நாள் ஆகியிருக்கலாம். இறக்கும் சடங்கு மட்டும்தான் கிடைக்கும்.

எப்போது பிறந்த குழந்தைக்கு இந்த வருடம் விளக்கு?

போன விளக்குக்கும் இந்த விளக்குக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு. ஏற்றிய மறுநாள் பிறந்தால் அடுத்த வருடம்தான். ஆகவே ஒரே விழாவில் கையைப் பிடித்து நடக்கும் குழந்தையும், முழுமாதம் கூட ஆகாத குழந்தையும் இருக்கும். மிகச் சின்னக் குழந்தையைக் கூட்டத்துக்கும் புகைக்கும் நடுவே கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. தாத்தாவோ தகப்பனோ முன்னின்று செய்தால் போதும்.

தத்தெடுத்த பிள்ளை என்றால் குலப் பெரியவர்களின் சம்மதம் முதலில் வேண்டும். வேறு குலத்தில் பிறந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதற்குச் சில குலங்கள் முற்காலத்தில் பெரிய விருந்தே வைக்கச் சொல்லியிருக்கின்றன.

விளக்கு எப்படிச் செய்கிறார்கள்?

மூங்கிலைப் பிளந்து சீவிய சிம்புகளால் கூடு கட்டுகிறார்கள். ஆறு பக்கமுள்ள கூடு அதிகம் காணப்படும். அடுக்கடுக்காக எழும்பும் பெரிய விளக்குகளும் உண்டு. சிம்பும் சிம்பும் சேரும் மூட்டில் கம்பியோ ஆணியோ கிடையாது. நார் மிகுந்த மெல்லிய காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, பசை தோய்த்து, மூட்டைச் சுற்றி முறுக்கி ஒட்டுவார்கள். காய்ந்ததும் அந்தக் காகிதம் கயிறு போல இறுகிவிடும். கூட்டின் மேல் வண்ணக் காகிதமும் மெல்லிய துணியும் ஒட்டி, பூக்கள், குஞ்சங்கள், நாடகப் பாத்திரங்களைப் போன்ற காகித உருவங்கள் வைத்து அலங்கரிப்பார்கள். இந்தக் காகிதக் கட்டுக் கைவினை, 2017இல் ஹாங்காங் அரசு வெளியிட்ட, 20 அருவப் பண்பாட்டு மரபுகள் கொண்ட பிரதிநிதித்துவப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

சில விளக்குகளின் உள்ளே சுழலும் உருளை ஒன்று இருக்கும். காகித உருளையின் தலையில், சாய்வாக வெட்டிய இறகுகளோடு ஒரு காற்றாடி. நடுவில் ஊசிமுனையில் நிற்கும் ஓர் அச்சு. கீழே சுடர் எரியும்போது சூடான காற்று மேலெழுந்து இறகுகளைத் தள்ள, உருளை சுற்றும். அதில் ஒட்டிய குதிரைகளும் மனிதர்களும் வெளித்திரையில் நிழலாக ஓடுவார்கள்.

விளக்கில் என்னென்ன பழுது வரும்?

முதல் எதிரி ஈரம். பிப்ரவரி, மார்ச்சில் தெற்குச் சீனக் கடற்கரையில் கடலிலிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கினால் தரையும் சுவரும் வியர்க்கும். அந்த நாட்களில் பசை இளகி, காகிதம் தொய்ந்து, ஓரம் பிரியும். மாவுப் பசையைக் கெட்டியாகப் பூசியிருந்தால் பூஞ்சணமும் பிடிக்கும். மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்டுவதுதான் தற்காப்பு.

இரண்டாவது, பச்சை மூங்கில். சரியாகக் காயாத சிம்பு பின்னால் சுருங்கும்போது மூட்டு தளர்ந்து கூடு கோணும். மேலே தொங்கும்போது அது நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, சுழலும் உருளை நின்றுபோவது. மேல்மூடியில் காற்று வெளியேறும் துளை அடைபட்டிருக்கும், அல்லது உருளையில் உருவங்களை அதிகம் ஒட்டி எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எல்இடி விளக்கு வைத்தாலும் சுழலாது, ஏனென்றால் அதன் சூடு காற்றை எழுப்பப் போதாது. அப்போது சிறிய மோட்டார்தான் வழி. மண்டபங்கள் பலவும் மர உத்திரங்கள் கொண்ட பழைய கட்டடங்கள், சில சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். பிங் ஷான் டாங் முன்னோர் மண்டபம் 2001இல் அப்படி அறிவிக்கப்பட்டது. காகிதக் கூட்டுக்குள் எண்ணெய்ச் சுடர் எரியவிடுவது அங்கே பெரிய ஆபத்து. ஆகவே விளக்கினுள் மின்பல்பு, கீழே மேசையில் தனியாக எண்ணெய் அகல் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

அன்று என்னென்ன நடக்கும்?

ஊருக்கு ஊர் வரிசை கொஞ்சம் மாறும். பொதுவான போக்கு இது.

புத்தாண்டுக்கு முன்பே, பிள்ளை பெற்ற குடும்பம் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பெயர் பதிய வேண்டும். தகப்பன் பெயர், எந்தக் கிளை, எத்தனையாவது தலைமுறை, பிள்ளையின் பெயர், பிறந்த நாள், நேரம் எல்லாம் வேண்டும். பல குலங்களில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எழுத்து ஒதுக்கப்பட்டிருக்கும். பெயரில் அந்த எழுத்து வந்தால் இவன் யாருக்குச் சித்தப்பன், யாருக்கு மகன் முறை என்று கேட்டதுமே தெரிந்துவிடும். அந்த வருடம் பிள்ளை பெற்ற தகப்பன்மார்தான் விழாப் பொறுப்பாளிகள். மண்டபத்தைக் கழுவுவது, விளக்குக்குச் சொல்லி வைப்பது, சமையலுக்கு ஆள் பிடிப்பது எல்லாம் அவர்கள் தலையில்.

விளக்கு ஏற்றும் நாள் காலையில், விளக்கைத் தாளமும் பேரிகையும் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். முன்னால் சிங்க ஆட்டம் போகும். ஹக்கா ஊர்களில் சிங்கத்துக்குப் பதிலாகக் கிலின் என்ற புராண விலங்கின் ஆட்டம். 1967 முதல் ஹாங்காங்கில் பட்டாசுக்குத் தடை இருப்பதால், முழக்கம் முழுவதும் தோலிலும் வெண்கலத்திலும்தான்.

மண்டபத்தில் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளுக்கு முன் மேசை போட்டு, வறுத்த பன்றி, வேகவைத்த கோழி, பழம், அரிசி மது, தேநீர், ஊதுவத்தி, சிவப்பு மெழுகுவத்தி வைப்பார்கள். விளக்கோடு செலரியும் வெங்காயத்தாளும் கட்டித் தொங்கவிடுகிற ஊர்களும் உண்டு. தகப்பன்மார் வரிசையாக நின்று வணங்கியதும், உத்திரத்தில் மாட்டிய கயிற்றை இழுத்து விளக்கை மேலேற்றுவார்கள். ஒரே மூச்சில், இடையில் நிற்காமல் ஏற வேண்டும் என்பதால் கயிறு சிக்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று முன்கூட்டியே இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பெயர்கள் எழுதிய சிவப்புத் தாள் சுவரில் ஏறும். அதன்பின் ஊர்க்காவல் தெய்வத்தின் மேடை, கிணறு, கோயில் என்று சுற்றி வந்து ஊதுவத்தி வைப்பார்கள்.

சில ஊர்களில் ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய விளக்கு, சில ஊர்களில் பிள்ளைக்கு ஒன்று. பிள்ளைக்கு ஒன்று தொங்குகிற ஊரில், உள்ளே நுழைந்து மேலே பார்த்தாலே அந்த வருடம் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

விளக்கு அணைந்துபோனால்?

இறக்கும் நாள் வரை காலையும் மாலையும் எண்ணெய் விடுவதும் ஊதுவத்தி மாற்றுவதும் பிள்ளை பெற்ற வீட்டார் முறை வைத்துச் செய்யும் வேலை. அணையாமல் காப்பது மரியாதை. அணைந்தால் உடனே திரும்ப ஏற்றிவிடுவார்கள். முறை தவறுவதுதான் பிரச்சினையாகிறது. வேலைக்காக நகரத்தில் குடியிருக்கும் தகப்பன் தன் நாளில் வர முடியாவிட்டால் பங்காளி ஒருவரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அகல் அணைவதற்குப் பெரும்பாலும் காரணம் திரி. நீளமாக வெளியே விட்டால் புகைந்து கருகும், எண்ணெயும் சீக்கிரம் தீரும். விளிம்புக்கு மேல் அரிசி மணி அளவு திரி தெரிந்தால் போதும்.

இறக்கிய விளக்கை என்ன செய்வார்கள்?

வணங்கி இறக்கி எரித்துவிடுவார்கள். எரிப்பது தெய்வத்துக்கு அனுப்பிவைப்பது. வீட்டுக்கு அலங்காரமாக எடுத்துப்போவதில்லை. குவாங்டோங்கின் முத்தாற்று முகத்துவாரப் பகுதியில் வேறொரு பழக்கம் உண்டு. விருந்தின் நடுவே மங்கலப் பெயர் சூட்டிய விளக்குகளை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதை வீட்டில் தொங்கவிடுவார். ஏலப்பணம் ஊர்ப் பொது வேலைக்குப் போகும்.

செலவு யாருடையது?

பிள்ளை பெற்ற குடும்பங்கள் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அதோடு குலச் சொத்தின் வருமானமும் சேரும். முன்னோர் பெயரில் நிலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கும் குல அமைப்புக்கு ‘சோ’ அல்லது ‘தோங்’ என்று பெயர். நிலக் குத்தகையிலிருந்து வழிபாடும் விருந்தும் நடக்கும், மிச்சம் ஆண்களுக்குப் பங்காகும். பூசைக்குப் படைத்த பன்றிக்கறியைத் தலைக்கு ஒரு பங்கு என்று கொடுப்பதும், 60 வயது கடந்தவர்களுக்குக் கூடுதல் பங்கு தருவதும் பல குலங்களின் வழக்கம். அந்தக் கறித்துண்டின் மதிப்பு கறிக்கு அல்ல, பங்குக்குத்தான். பெயர் விடுபட்டுப்போனால் சண்டை வருவது அதனால்தான்.

விருந்தில் என்ன சாப்பாடு?

புன் சோய். ஒரே அண்டாவில் அடுக்கடுக்காக வைத்து, மேசைக்கு ஒன்று என்று இறக்குவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள். பணக்காரன், ஏழை, தலைவர் என்று தனி இலை கிடையாது. முன்பு மரத்தொட்டி, பிறகு எனாமல், இப்போது எவர்சில்வர். ஊர் விருந்தாக இதை உண்ணும் ‘செக் புன்’ வழக்கமும் அதே 2017 பட்டியலில் இருக்கிறது.

பத்துப் பேருக்கான ஓர் அண்டாவுக்கு ஏறக்குறைய இந்த அளவு: பன்றி வயிற்றுக்கறி ஒன்றரை கிலோ, வெள்ளை முள்ளங்கி ஒன்றரை கிலோ, உலர்ந்த பன்றித்தோல் 150 கிராம், உலர்ந்த சோயாப் பாலாடைக் குச்சி 200 கிராம், உலர்ந்த காளான் 100 கிராம், உலர்ந்த கணவாய் ஒன்று, மீன் உருண்டை 40, இறால் 20, கோழி ஒன்று.

உயிர்நாடி பன்றிக்கறிதான். முதல் நாளே செய்ய வேண்டும். கறியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கொழுப்பு உருகும் வரை வதக்க வேண்டும். பூண்டு, நாலைந்து துண்டு சிவப்பு நொதித்த டோஃபு, சோயா விழுது, அன்னாசிப்பூ, பட்டை, கற்கண்டு, அரிசி மது சேர்த்து மூழ்கத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம். இரவு ஆறவிட்டால் கொழுப்பு மேலே உறையும். காலையில் அதைப் பாதி வழித்தெடுத்துவிட்டுத் திரும்பச் சூடேற்ற வேண்டும்.

அடுக்கும் முறை: அடியில் சாற்றை உறிஞ்சும் பொருட்கள், அதாவது முள்ளங்கி, தோல், பாலாடைக் குச்சி, கணவாய். நடுவில் காளான், மீன் உருண்டை, பன்றிக்கறி. மேலே கோழி, இறால். கறிச்சாற்றைக் கடைசியில் மேலிருந்து ஊற்றுவார்கள். சாப்பிடுவதும் மேலிருந்து கீழே. அடியில் இருப்பதைத் தோண்டி எடுப்பது நாகரிகம் அல்ல, ருசியும் அல்ல. கடைசியில் வரும் முள்ளங்கிதான் அத்தனை சாற்றையும் குடித்திருக்கும்.

புன் சோய் கெட்டுப்போவது எதனால்?

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பதால். ஒவ்வொன்றும் தனித்தனியாக வெந்து, அண்டாவில்தான் கூட வேண்டும். முள்ளங்கியை முன்கூட்டி அரைவேக்காடாக வேகவைத்து நீரை வடிக்காவிட்டால் கசப்போடு தண்ணீரும் விட்டுச் சாறு நீர்த்துவிடும். உலர்ந்த தோலை இரவெல்லாம் ஊறவைத்து, இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்துக் கொட்டாவிட்டால் பழைய எண்ணெய் வாடை அண்டா முழுவதும் ஏறும். இறாலை முதல் நாளே வேகவைத்தால் ரப்பராகிவிடும். வெளியே சொல்லி வாங்கும் அண்டா வெதுவெதுப்பாக வந்தால் அப்படியே பரிமாறக் கூடாது. நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை சூடேற்ற வேண்டும். மேல் அடுக்கில் ஆவி வந்தாலும் நடுவில் குளிர்ச்சி இருக்கும், ஆகவே கரண்டியை ஆழமாக விட்டுப் பார்க்க வேண்டும்.

சிவப்பு முட்டையும் இஞ்சி வினிகரும் இந்த விழாவுக்குத்தானா?

அது முழுமாதக் கொண்டாட்டம், வேறு சடங்கு. பிள்ளை பிறந்து 30 நாள் ஆனதும் வீட்டளவில் நடப்பது, ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. திம் தாங் குலத்தளவில், வருடத்துக்கு ஒரு முறை.

இஞ்சி வினிகர் பிரசவித்த தாய்க்கு, வழக்கமாக 12 நாள் கழித்துக் கொடுக்கத் தொடங்குவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு கிண்ணம் உண்டு. அளவு: இஞ்சி ஒரு கிலோ, இனிப்புக் கறுப்பு வினிகர் இரண்டு லிட்டர், பன்றிக்கால் ஒன்றரை கிலோ, முட்டை 12. இஞ்சியைத் தோல் சீவி, காயவைத்து, லேசாக நசுக்கி, வெறும் சட்டியில் ஈரம் போக வறுக்க வேண்டும். மண்சட்டியில் வினிகரோடு ஒரு மணி நேரம் சிறு தீயில் வைத்து, ஆறவிட்டு மூடிவைக்கலாம். பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே இதைத் தொடங்கி, சில நாளுக்கு ஒரு முறை கொதிக்கவிட்டுக்கொண்டே வருவார்கள். பன்றிக்காலைத் தனியாகக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, கொடுப்பதற்கு முந்தைய நாள்தான் சேர்க்க வேண்டும். முட்டையை வேகவைத்து உரித்து, அடுப்பை அணைத்த பிறகு ஊறப் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் வெள்ளைக்கரு தோல் போல ஆகிவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். வினிகரின் அமிலம் அதை அரித்து உணவில் கலக்கும்.

சிவப்பு முட்டைக்கு, வெந்த முட்டை சூடாக இருக்கும்போதே ஓட்டை வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் சாயம் திட்டுத்திட்டாகாமல் பிடிக்கும். உணவுச் சாயத்தில் புரட்டி, கம்பித்தட்டில் காயவைத்து, ஒரு துளி எண்ணெய் தேய்த்தால் பளபளக்கும். சிவப்புக் காகிதத்தை நனைத்துத் தேய்க்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். அந்தச் சாயம் உண்பதற்கானதல்ல.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது புதிதல்ல. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்திலிருந்து வரும் முழுமாதப் பெட்டியில் சிவப்பு முட்டையும், ஆமை அச்சில் வார்த்த ‘ஆங் கூ குவே’ என்ற சிவப்புப் பலகாரமும், பினாங்குப் பக்கம் புளுட் என்ற ஒட்டும் அரிசியில் செய்த மஞ்சள் சோறும் கோழிக்கறியும் இருக்கும்.

பெண் குழந்தைகளுக்கு விளக்கு இல்லையா?

மரபில் இல்லை. மகள் இன்னொரு குலத்துக்குப் போகிறவள், ஆகவே அவள் பெயர் கணக்கில் ஏறாது என்பது விதி. இதை மென்மையாகச் சொல்லி மறைப்பது நியாயம் அல்ல. அதே வீட்டில், அதே வருடம், அதே ஆசையோடு பிறந்த குழந்தைக்கு ஊர் மண்டபத்தில் இடம் இல்லை என்பது வலி தரும் விஷயம்தான்.

மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. குவாங்டோங்கில் மகள்களுக்கும் விளக்கு ஏற்றுகிற ஊர்கள் இருக்கின்றன, ஹாங்காங்கிலும் அந்தப் பேச்சு எழுந்திருக்கிறது. தைவானின் தைச்சுங் நகரைச் சேர்ந்த தோங்ஷி என்ற ஹக்கா ஊரின் வழி அழகானது. முதல் மாதம் 15ஆம் நாள், மகன் பிறந்த வீட்டார் ஆமை வடிவில் பெரிய சிவப்பு அரிசிப் பலகாரம் செய்து கோயிலில் படைத்து ஊருக்குப் பங்கிடுவது அங்கே பழைய வழக்கம். யாருடைய பலகாரம் அதிக எடை என்று போட்டியே நடக்கும். மகள் பிறந்த வீட்டார் பீச் பழ வடிவில் செய்து அதே மேசையில் படைக்கிறார்கள். சடங்கின் உடம்பை மாற்றாமல் உள்ளே ஆளைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

விளக்கு ஏறினால் வீடு கட்டும் உரிமை கிடைக்கும் என்கிறார்களே?

நேரடியாக இல்லை. 1972இல் வந்த சிறுவீட்டுக் கொள்கைப்படி, 1898இல் நியூ டெரிடரிஸின் அங்கீகரிக்கப்பட்ட கிராமத்தில் வாழ்ந்தவரின் ஆண்வழி வாரிசு, 18 வயது நிரம்பியபின், வாழ்நாளில் ஒரு முறை வீடு கட்ட அனுமதி கேட்கலாம். மூன்று மாடிக்கு மேல் போகக் கூடாது, உயரம் 8.23 மீட்டர், தளத்துக்கு 700 சதுர அடி. 1898 ஏன் என்றால், பிரிட்டன் அந்தப் பகுதியை 99 வருடக் குத்தகைக்கு எடுத்த வருடம் அது. பெண்களுக்கு இந்த உரிமை இல்லை. அதை எதிர்த்துப் போன வழக்கில், 2021இல் ஹாங்காங்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கொள்கை செல்லும் என்று தீர்த்தது. கிராமத்து நிலத்தை மகள்களும் வாரிசாகப் பெறலாம் என்ற சட்டத் திருத்தம் மட்டும் 1994இல் வந்தது.

விளக்கு ஒரு சட்ட ஆவணம் அல்ல. ஆனால் விண்ணப்பம் போடும்போது இவர் இந்த ஊர்க்காரர்தான் என்று கிராமப் பிரதிநிதி உறுதி சொல்ல வேண்டும். அச்சிட்ட வம்சாவளி நூலைப் பல குலங்கள் நெடுங்காலத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும். இடைப்பட்ட வருடங்களில் யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதற்கு ஊரார் நினைவும் விளக்குப் பதிவும்தான் துணை.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு?

ஏற்றுவார்கள். சான் டின் மான் குலத்தாரில் பலர் 1950, 60களில் பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் போய் உணவகம் நடத்தினார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைக்கு ஊரிலிருக்கும் தாத்தா விளக்கு ஏற்றலாம். குடும்பம் பெயரையும் பிறந்த தேதியையும் ஆங்கிலத் தேதி, சந்திரத் தேதி இரண்டிலும் எழுதி அனுப்புவது நல்லது. இல்லையென்றால் நேர வித்தியாசத்தால் சந்திரத் தேதியில் ஒரு நாள் பிசகி, அந்தப் பிசகே பதிவில் ஏறிவிடும்.

நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

மண்டபங்களை ஆண்டு முழுதும் பார்க்கலாம். தின் ஷுய் வாய் ரயில் நிலையத்தின் பக்கத்தில் பிங் ஷான் பாரம்பரியப் பாதை, ஃபேன்லிங் பக்கம் லுங் யுக் தவ் பாதை. சடங்குக்கு மட்டும் ஊர்க்காரர் ஒருவரின் அழைப்போ, வாசலில் கேட்டுப் பெறும் அனுமதியோ வேண்டும். பெரும்பாலும் சந்தோஷமாகவே உள்ளே விடுவார்கள்.

உயர்ந்த வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு உடை வேண்டாம். விருந்துக்கு அழைத்தால் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது முறை. தொகையில் நான்கு என்ற எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அவர்களுக்கு அமங்கலம். பலகைகளுக்கும் வணங்குகிறவர்களுக்கும் நடுவே நின்று படம் எடுக்கக் கூடாது. குழந்தையைப் படம் எடுப்பதற்கு வீட்டாரிடம் தனியாகக் கேளுங்கள். அசைவத்தில் பன்றி சாப்பிடாதவர்களும் சைவர்களும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் புன் சோயில் ஒன்றை மட்டும் விலக்கி எடுக்க முடியாது, முள்ளங்கி வரை பன்றிச்சாறு இறங்கியிருக்கும். சொல்லி வைத்தால் தனிக் கிண்ணத்தில் காய்கறியும் சோறும் ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும்.